அடி செதுக்காத பெலியான்

நங்கா செலாய்
10 பிப்ரவரி 1991

செண்டி அப்பாவுக்கு,

நாங்க நல்லாருக்கோம். நீங்க சாப்புடுறீங்களா, இல்ல வெறும் கள்ளுதானா? பன்னி வந்து மரவள்ளியெல்லாம் தோண்டிப் போட்டுடுச்சு. பக்கத்து அறைக்காரன் உங்காட்டைக் காவலுக்கு வச்சோம். அவனும் தூங்குறான், அவன் நாயும் தூங்குது. அதை விடுங்க, சொல்ல வந்தது வேற.

நம்ம நீளவீட்டை மேட்டுக்கு மாத்துறாங்க. ஜூன் அறுவடைத் திருநாளுக்குள்ள குடும்பத்துக்கு ஒரு தூண்னு அவங்கவங்க தூணை நடணுமாம். நடாத குடும்பத்துக்கு அறை இல்லன்னு தலைவர் சொல்லிட்டார். தூணுக்கு நம்ம பெலியான் மரம் நிக்குது. இந்தக் காட்டுல மிச்சம் அது ஒண்ணுதான். செண்டி பொறந்தப்ப நீங்க அடியில செடி கொடியச் செதுக்கி உங்களுதாக்கின மரம். நீங்க வராம யாரும் கோடாலி வைக்க மாட்டாங்க. செதுக்காம விட்டா உரிமை போயிடுமேன்னு வருஷா வருஷம் நான்தான் செதுக்குறேன். வந்து வெட்டிக் குடுத்துட்டுப் போங்க.

செண்டி அம்மா

மரம்வெட்டி முகாம்
22 மார்ச்

செண்டி அம்மாவுக்கு,

இங்க ஒரே மழை. லாரி சேத்துல மாட்டிக் கிடக்கு. லீவு குடுக்கல. திருநாளுக்கு வந்துடுறேன். மரத்தை யாரும் தொடாம பாத்துக்கோ. அடி சுத்தமா இருக்கட்டும்.

என்சாலி

நங்கா செலாய்
9 ஜூன்

செண்டி அப்பாவுக்கு,

திருநாள் முடிஞ்சுது. மத்தவங்க எல்லாரும் வெளியூர்ல வாங்கின தூணை நட்டாங்க. குழிக்குக் குழி கோழி ரத்தம் தெளிச்சுக்கிட்டு வந்த தலைவர், நம்ம குழியத் தாண்டிப் போனார். எனக்கு அழுகை வரல. சோறு போட்டாங்க, சாப்பிட்டேன்.

மறுநாள் வழக்கம்போல செதுக்கப் போனேன். கத்தியை ஓங்கினப்பதான் பார்த்தேன், மரத்தடியில குட்டிப் பெலியான். விரல் தடிமன், உச்சியில இலை. பக்கத்துல இன்னொண்ணு. சுத்திப் பார்த்தா போன வருஷம் நான் வெட்டின கன்னுங்களோட கட்டை, அதுக்கு முன்ன வருஷம் வெட்டினது. காட்டுல பெலியான் இல்லாமப் போனதுக்கு மரம் வெட்டுற கம்பெனிக்காரங்களத் திட்டிக்கிட்டே இருந்தோம். இந்த மரத்தடிக்குக் கம்பெனி வரல. நான்தான் வந்தேன். புருஷன் ஊர்ல இல்லாதவ கொஞ்சம் கூடுதலாவே சுத்தமா செதுக்குவா.

கத்தியை உறையில போட்டுட்டு வந்துட்டேன்.

செண்டி அம்மா

மரம்வெட்டி முகாம்
3 செப்டம்பர்

செண்டி அம்மாவுக்கு,

என்ன காரியம் பண்ணின? உடனே போய்ச் செதுக்கு. வேற எவனாவது செதுக்கிட்டா மரம் போச்சு. டிசம்பர்ல கண்டிப்பா வர்றேன்.

என்சாலி

நங்கா செலாய்
17 நவம்பர்

என்சாலிக்கு,

காயிதம் கெடைச்சுது. நான் செதுக்கல. போன வாரம் உங்காட் வந்து, "அக்கா, அந்த மரம் இப்ப யாரோடது?"ன்னு கேட்டான். "செதுக்குறவங்களோடது"ன்னேன். கத்தியோட போனவன் சோறு ஆறுறதுக்குள்ள திரும்பிட்டான். "எங்க கால வைக்கிறது, குட்டி குட்டியா நிக்குதே"ன்னான். அவன் சோம்பேறி. அதனாலயாவது இருக்கட்டும்.

பழைய வீட்டைப் பிரிச்சாச்சு. நம்ம அறையோட பலகைய உலைக்கு வெறகாக்கிட்டோம், நல்லா எரியுது. நானும் செண்டியும் எங்க அண்ணன் அறையில இருக்கோம். அண்ணி நல்ல மாதிரி, குறட்டைதான் தாங்கல.

டிசம்பர்ல வந்தா படகுத்துறையில இறங்கி, அண்ணன் அறை எதுன்னு கேளுங்க. விருந்தாளிங்க வெளிக்கூடத்துலதான் படுக்குறது. பாய் எடுத்து வைக்கச் சொல்றேன்.

லெமியா