குரல் என்னுதுதான்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து சாரல். துணி காயலை. ஜாக்கெட் நாலு தைக்கணும், ரெண்டுக்குத்தான் கை ஓடியது.

கம்பத்து வக்கீலம்மா சபீனா போன். அடிபட்டவரைப் பார்த்துப் பேசணும்னு நான்தான் அவுககிட்டக் கேட்டிருந்தேன். எங்க தெருவுக்குக் குடம், வாளி விக்க வந்து அடி வாங்கினவர் உட்கார்ந்து பேசச் சம்மதிச்சுட்டாராம். பேர் பாண்டி. ஊர் ஜெயமங்கலம். ரெண்டு மாசமா அவர் பேர்கூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

நடந்ததை இங்கன எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே மாத்திச் சொல்லிவிடக் கூடாது.

எதிர்வீட்டு லட்சுமி மகளிடம் ஒருத்தர் குனிந்து ஏதோ கேட்டார். நான் மாடியில். என்ன கேட்டார்னு காதில் விழலை. தெரு வாட்ஸப் குரூப்பில் பேசி அனுப்பினேன்: "பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கான். குடம் கட்டின வண்டி. விட்றாதீக." அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் தெருமுனையில் கூட்டம். அவருக்கு இடது மணிக்கட்டு முறிஞ்சது. ஒரு காது இன்னும் சரியாகக் கேட்கலையாம். அடிச்ச மூணு பேர் மேல் கேஸ். நான் பேசினதை அன்னைக்கே அழிச்சுட்டேன். என் பேர் எதிலும் இல்லை.

வக்கீலம்மா ஒளிக்காமல் சொன்னாக: "அக்கா, நீங்க வாயத் தொறந்தா கேஸ்ல உங்களையும் சேர்க்க வாய்ப்பிருக்கு. தெரிஞ்சே வாங்க."

வர்றேன்னு சொல்லிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

காத்து பேயா அடிக்குது. வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எந்திரிச்சுட்டார்.

"உன்னைய யாரு கேட்டா? நீயா எதுக்குப் போயி மாட்டுற?"

ஜாக்கெட்டில் கொக்கி மாட்டக் காஜா தைச்சுக்கொண்டிருந்தேன். ஊசியை வச்சுட்டுச் சொன்னேன்: "அடிச்சது அவுக. ஆளைக் காட்டிக் குடுத்தது நான்."

லட்சுமி வந்தாள். "நீ நல்லதுக்குத்தானக்கா சொன்ன." எல்லாரும் இதையேதான் சொல்றாக. ரெண்டு மாசமா நானும் இதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். போதும்.

ஜூலை 6, ஞாயிறு

தேனி. வாங்க வேண்டியது: மெரூன் நூல், இலைப்பச்சை நூல், கொக்கி, பாபின். ஒண்ணும் வாங்கலை.

வக்கீலம்மாவுக்குத் தெரிஞ்சவுக ட்யூஷன் சென்டர். நாற்காலிகளை வட்டமாப் போட்டிருந்தாக, நடுவில் மேசை இல்லை. பாண்டி, அவர் மனைவி மாரியம்மா, வக்கீலம்மா, நான். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டோடு திரும்புறேன்னவர் மாடிப்படி வரைக்கும் வந்தார். கீழே உட்கார்ந்துகொண்டார்.

ஒருத்தர் பேசும்போது மத்தவுக குறுக்கே பேசக் கூடாது. அது ஒண்ணுதான் கட்டுப்பாடு.

பாண்டி: "அம்மா வீட்ல இருக்காகளான்னுதான் அந்தப் பாப்பாகிட்டக் கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கலை." முறிஞ்ச மணிக்கட்டைத் தடவிக்கிட்டே: "வலி ஆறிப்போச்சு. பள்ளிக்கூடத்துல எம் மகளை, பிள்ளை பிடிக்கிறவரு உங்கப்பாதானான்னு கேட்டிருக்காக. அன்னையிலருந்து என்னைய வாசல் வரைக்கும் வர வேணாங்குறா."

எழுதிக்கொண்டு போன தாளை எடுக்கவே இல்லை. சொன்னேன்: "அந்தக் குரல் என்னுதுதான். நான் எதையும் பாக்கலை. பாத்த மாதிரிச் சொன்னேன்."

மாரியம்மா என்னையே பார்த்தாள். "நீங்கதானா? ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அனுப்பி, எங்க சொந்தக்காரக போன்ல எல்லாம் அந்தக் குரலைக் கேட்டேன். தூக்கத்துலயும் கேக்கும்."

மன்னிச்சிருங்கன்னு ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "இன்னைக்கு அதைக் கேக்காதீக."

நிறுத்திக்கொண்டேன். அது சரிதான்.

என்ன செஞ்சா சரியாகும்னு வக்கீலம்மா கேட்டாக. பாண்டி சொன்னார்: "சரியால்லாம் ஆகாது. ரெண்டு செய்யட்டும். அதே குரூப்புல, அதே குரல்ல, பொய்யின்னு சொல்லட்டும். அப்புறம், நான் அந்தத் தெருவுக்கு மறுபடி யாவாரத்துக்கு வரணும். இவுக எங்கூட நடக்கணும். வீடு வீடா."

சரின்னேன். மூணாவது ஒண்ணு நானே சொன்னேன்: ஸ்டேஷனில் போய்ச் சொல்றது.

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டார். 

ஜூலை 8, செவ்வாய்

ஏழு தடவை பேசிப் பதிஞ்சேன். ஒவ்வொண்ணிலும் "தெரியாம", "பதட்டத்துல" வந்து ஒட்டிக்கிட்டே இருந்தது. அதெல்லாம் சாக்கு. எட்டாவதில் இல்லை:

"நான் தையக்கடை செல்வி பேசுறேன். அன்னைக்கு நான் சொன்னது பொய். வந்தவர் பேர் பாண்டி. குடம் விக்க வந்தவர். அவர் மேல ஒரு தப்பும் இல்லை. தப்பு என் மேல."

அனுப்பியாச்சு. ரெண்டு பேர் கும்பிடுற கைப் படம் போட்டாக. ஒருத்தர்: "இப்ப எதுக்கு இது?" மூணு பேர் குரூப்பை விட்டுப் போனாக.

சாயங்காலம் பேச்சியத்தை வாசலில் வந்து கத்தினாக. கேஸில் இருக்கிற மூணு பேரில் ஒருத்தன் அவுக மகன். "ஒம் பேச்சக் கேட்டுத்தானடி ஓடுனான்! அவன் கோர்ட்டுக்கு அலையுறான், நீ உத்தமி ஆகுறியா?"

"இல்லத்தை. நீங்க சொல்றதைத்தான் ஸ்டேஷன்லயும் சொல்லப் போறேன்."

கத்தல் நின்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டுப் போனாக.

ஜூலை 10, வியாழன்

ஸ்டேஷன். ரெண்டு மணி நேரம் பெஞ்சில். "யாரும்மா உங்களை அனுப்புனது?" "நானாத்தான் வந்தேன் சார்." நம்பலை. எழுதி வாங்கினாக. கூப்பிடும்போது வரணுமாம். கையெழுத்து கோணல். ஆனால் என் கையெழுத்து.

ஜாக்கெட் துணி குடுத்திருந்த ரெண்டு பேர் வெட்டாமலே திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாக. போகட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல வெயில். பத்து மணிக்கு பாண்டி வந்தார். வண்டியைத் தள்ள இடது கை ஒத்துழைக்கலை. பிடிக்கப் போனேன். "தொடாதீக. கூட வந்தாப் போதும்."

முதல் வீடு, கதவு திறக்கலை. ரெண்டாவது, "வேணாம்." மூணாவது லட்சுமி வீடு. மகள் வெளியே ஓடி வந்தாள். பாண்டி சட்டுன்னு ரெண்டடி பின்னால் போய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். லட்சுமியும் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "அண்ணே, வாங்க. அந்தப் பச்சை வாளியைக் காட்டுங்க."

எல்லா வீட்டிலும் நானே முதலில் பேசினேன்: "இவர்தான் பாண்டியண்ணன். நான் பொய் சொன்னது இவரைப் பத்தித்தான்." பத்தாவது வீட்டில் தொண்டை கட்டிருச்சு. தண்ணி குடிச்சுட்டுத் தொடர்ந்தேன்.

பேச்சியத்தை கதவைத் திறந்தாக. என் பக்கம் திரும்பலை. வண்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முறத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தாக. "இது ஒரு மாசம் தாங்குமாய்யா?"

"மூணு வருசம் ஒழைக்கும்த்தா. ஒடைஞ்சா என்னைய வந்து கேளு."

"எங்கன வந்து கேக்க?"

"வாரா வாரம் வருவேன்ல."

அத்தை முறத்தோடு உள்ளே போனாக. கதவைச் சாத்தலை.

தண்ணித் தொட்டியோடு தெரு முடிஞ்சது. வலது பக்கம் அடுத்த தெரு. அங்கனயும் கூடப் போகத் திரும்பினேன். பாண்டி நின்றார்.

"போதும். இந்தத் தெருவுக்கு நானே போயிக்கிறேன்."