ஏழு வாரத்தில் சேரும் முகம்

திருத்தணி
12.3.2026

என் பாவாவுக்கு,

தணிகை முருகன் உங்களை அங்கே நல்லபடி வைத்திருக்க வேண்டும். இங்கே நானும் அத்தையும் வயிற்றில் இருப்பவரும் சௌக்கியம்.

ஷார்ஜாவுக்குக் கிளம்பும் கே.ஜி.கண்டிகை நாகராஜன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் ஸ்கேன் என்று ஆரம்பித்தாலே உங்களுக்கு நெட்வொர்க் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் கேட்கப் பயப்படுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் மேலுதடு சேரவில்லை. இடது பக்கம், உங்களுக்கு இருந்த அதே இடம். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. மடித்து வைத்துவிடாதீர்கள், சந்தோஷ சேதி இனிமேல்தான் வருகிறது.

நான் முகத்தைப் பார்த்துவிட்டேன் பாவா! கொட்டாவி விட்டது. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய், மனசு மாறிக் காதைத் தடவிக்கொண்டது. நெற்றி அப்படியே நீங்கள். முகம் யாருக்குமே முழுசாக வருவதில்லை என்றார் டாக்டர் தேவகி. நெற்றியிலிருந்து ஒரு பகுதி இறங்க, இரண்டு பக்கமிருந்தும் கன்னங்கள் நகர்ந்து வந்து நடுவில் ஒட்டுமாம். ஓரத்தில் முளைக்கும் கண்களும் மெல்ல முன்னுக்கு வருமாம். மண்டையோடுகூடத் தனித்தனி எலும்புகள்தானாம். பிறந்த பிறகும் அவற்றுக்கு நடுவில் விட்டிருக்கும் இடம்தான் உச்சிக்குழி. நான் கேட்ட கேள்விகளில் வெளியே காத்திருந்தவர்கள் முறைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மேலுதடு சேருவது கரு தரித்து ஏழு வாரத்துக்குள் முடிந்துவிடும் என்றதும் அத்தை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். ஆறாம் மாதம் கிரகணத்தில் காய் அரிந்திருந்தால், என்று இழுத்தார்கள். அதற்கும் உதட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அது எப்போதோ முடிந்துபோன வேலை என்றார் டாக்டர். அத்தை மூன்று தடவை கேட்டுக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் விஷயம் வெளியே வந்தது. அப்போது நீங்கள் அத்தை வயிற்றில் ஆறு மாதம். கிரகண நேரத்தில் பசி தாங்காமல், வீட்டில் யாரும் இல்லாதபோது கத்தரிக்காய் அரிந்திருக்கிறார்கள். உங்கள் உதடு பிளந்ததற்கு அதுதான் காரணம் என்று முப்பது வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"என் தப்புன்னு நெனச்சிகினுதான் தணிகாசலம் மூஞ்சிய நேரா பாக்காம இருந்தேன்" என்றார்கள்.

பெற்ற தாய்க்கே என் மூஞ்சி பிடிக்கவில்லை என்று கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னீர்களே, அது அப்படி இல்லை பாவா. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடைக்காரர் ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பிறந்து மூன்றாம் மாதமே தைத்துவிடலாமாம். ஒன்பது வயதில் தைக்கும் வரை நீங்கள் பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு நம் குழந்தைக்குக் கிடையாது. அதுவரை பால் கொடுப்பதற்கென்று தனி பாட்டில் இருக்கிறது, எப்படிப் பிடிப்பது என்று அத்தைக்கும் எனக்கும் காட்டினார்கள். அத்தை என்னைவிட நன்றாகப் பிடிக்கிறார்கள்.

பயணம் கிளம்பிய அன்று, "எம் மூஞ்சியோட இன்னொன்னு பொறந்தா நான் ஊருக்கே வரமாட்டேன்" என்றீர்கள். எனக்கு அது இன்னும் வலிக்கிறது. ஆடிக் கிருத்திகையை ஒட்டிப் பிரசவத்துக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். இப்போதே லீவு எழுதிக் கொடுங்கள்.

நம் வீட்டில் அந்த முகத்தை வேண்டாம் என்கிற ஆள் இனி நீங்கள் ஒருவர்தான். வந்து கையில் வாங்கிப் பாருங்கள், பாவா.

உங்கள்
சௌமியா