சட்டுவம் பட்ட கால்

9.1.2024
இன்று அடுக்களையில் இருந்தவர்கள்: என் மகன் சத்தியநேசன், மருமகள் லிஜா, அவள் தம்பி பெனிஷ், பேத்தி ரெனிஷா, நான். பிறகு எவனும் மாற்றிச் சொல்லக்கூடாது, அதனால் எழுதுகிறேன்.

பரீட்சை எழுதப் போன இடத்தில் விழுந்த பிள்ளை ரெனிஷா. அன்றிலிருந்து வலதுகால் துணிபோலக் கிடக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். ஒன்றும் இல்லையென்றால் நடிப்பாம். பெனிஷ் துபாயில் பார்க்காத நோயா! தோசைச் சட்டுவத்தை அடுப்பில் காய்ச்சினான். "சூடு பட்டா எழும்பி ஓடுவா, பாருங்க அத்தான்."

சத்தியநேசன் கணுக்காலை அமுக்கிப் பிடித்தான். லிஜா சுவரைப் பார்த்து நின்றாள். நான் எழும்பி வருமுன்னே பெனிஷ் உள்ளங்காலில் வைத்துவிட்டான்.

பிள்ளை அசையவில்லை.

"பாட்டி, என்ன கரிஞ்ச மணம் வருகு?"

11.1.2024
பெனிஷுக்கு நானே மீன்குழம்பு வைத்தேன். உப்பை அள்ளிப் போட்டேன். தின்னட்டும்.

20.1.2024
திருவனந்தபுரத்து டாக்டரம்மா வலது குதிங்காலுக்கு அடியில் தன் கையை வைத்துக்கொண்டு, இடதுகாலைத் தூக்கச் சொன்னாள். தூக்கும்போது வலதுகால் தானாகவே அவள் கையை அமுக்கியது. சத்தியநேசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்போ நடிப்புதானே என்றான்.

"நடிப்பில்ல. கால்ல பலம் இருக்கு. அவ நெனச்சு அசைக்கும்போது மூளைச் சேதி போய்ச் சேரல. இதுவும் நோய்தான். பழக்கினா திரும்பும்."

பிறகு உள்ளங்காலைப் பார்த்தாள். வெந்நீர் கொட்டிச்சு என்றான் என் மகன். சட்டுவ வடிவத்திலா கொட்டும் வெந்நீர்?

5.2.2024
பின்பக்கமாக நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது காலில் நினைப்பு நிற்காதாம். பலாமரத்தடியில் கையைப் பிடித்து நடத்துகிறேன். முன்னால் நடந்தால் இழுக்கிற கால் பின்னால் நடந்தால் ஒழுங்காய் ஊன்றுகிறது!

பெனிஷ் அதைச் செல்லில் படம்பிடித்து, நடிப்பைப் பாருங்க என்று சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பினான். பிள்ளை பார்த்துவிட்டாள். சாயங்காலம் இரண்டு காலும் எழும்பவில்லை.

எனக்கும் காட்டு மக்கா என்றேன். தந்தான். கிணற்றில் போட்டேன்.

6.2.2024
மறுபடி முதலிலிருந்து.

31.3.2024, ஈஸ்டர்
ரெனிஷா கோயிலுக்கு நடந்தே வந்தாள். கொஞ்சம் இழுக்கிறது, சாரமில்லை, போகப்போகச் சரியாகும்.

பெனிஷ் விமானம் ஏறுமுன் அவள் காலைப் பிடித்து அழுதான். போட்டும் மாமா என்றாள். அவள் விட்டாள், நானும் விட்டேன். யாரோ பெற்ற பயல்.

சத்தியநேசன் சபை நடுவில் எழும்பிச் சாட்சி சொன்னான். தன் ஜெபத்தால் மகள் நடக்கிறாளாம். டாக்டரம்மா இல்லை, பலாமரம் இல்லை, சட்டுவம் இல்லை. சபை அல்லேலூயா சொன்னது. பிள்ளை பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பரமண்டல ஜெபத்தில், பிறர் குற்றத்தை மன்னிக்கிறோம் என்கிற வரி வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். சுட்டவன் போகட்டும். சுடுவதற்குக் காலைப் பிடித்துக் கொடுத்தானே — நான் பெற்றவன், சத்தியநேசன்.