ராட்டினம் திறப்பதற்குள்

3.9.74. செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பாப்பாவின் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கம்பி கட்டிப் போட்டேன். இப்போது எல்லாவற்றிலும் புகை வாசனை.

பதினோரு மணிக்கு சிங்கப்பூர் கடிதம். தபால்காரர் தெருமுனையிலிருந்தே, "சாரே, ஃபாரின் வந்துகீது!" இனி தெரு முழுக்கத் தெரியும். பாப்பா "அப்பா, அப்பா" என்று ஓடினாள். அவளுக்கு அந்த நீலத் தாள்தான் அப்பா. அவர் கப்பலேறும்போது அவளுக்கு நாலு மாதம். இப்போது இரண்டே கால் வயது.

வழக்கம்போல மாமனார் கண்ணாடி போட்டு, கத்தரியால் ஓரம் வெட்டி, உரக்கப் படித்தார். அத்தை முறத்தோடு. நாத்தனார் சரோஜா கதவோரம். நான் சமையலறைப் படியில்.

விஷயம்: அவர் வேலை பார்க்கும் பொழுதுபோக்கு பார்க்கின் திறப்பு நாள் முடிவாகிவிட்டது. அக்டோபர் 5. மூன்று தடவை தள்ளிப்போனது, இனி தள்ளிப்போகாதாம். ராட்டினம், குட்டி ரயில், தண்ணீரில் சறுக்கும் படகு எல்லாம் பூட்டி முடித்து ஓட்டிப் பார்க்கிறார்கள். திறப்போடு அவர் ஒப்பந்தம் முடிகிறது. ஆனால் ராட்டினம் பூட்டிய ஃபிட்டர்களில் அவரையும் சேர்த்து நாலு பேரை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்களாம். நடுவில் ஊருக்கு வர லீவு கிடையாது. இருப்பதானால் திறப்பு நாளன்று கையெழுத்து. "வீட்டில் எல்லோரும் கலந்து சொல்லவும். கமலாவையும் கேட்கவும்."

மாமா அந்த வரியையும் அதே குரலில் படித்தார். "சரி" என்று மடித்தார்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. ரசத்துக்குப் புளி கரைத்தேன்.

5.9. வியாழன்

வெயில். துணி எல்லாம் மறுபடி அலசிப் போட்டாயிற்று.

பதில் எழுதும் நாள். மடித்து ஒட்டினால் அதுவே உறையாகும் நீலத் தாள், ஒரே ஏரோகிராம்; எழுத நாலு பேர். முதலில் மாமா. தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவர், மகனுக்கு எழுதினாலும் நம்பர் போட்டுத்தான்.

1. அனைவரும் நலம்.
2. உன் கடிதம் கிடைத்தது.
3. மேற்படி இரண்டு வருட விஷயம்: வீட்டில் அனைவருக்கும் சம்மதம்.

பிறகு அத்தை சொல்லச் சொல்ல சரோஜா எழுதினாள். ச. தன் பங்குக்கு நைலக்ஸ் புடவை கேட்டாள். கடைசியில் ஒட்டும் மடிப்பு எனக்கு. மூன்று விரல் அகலம். எப்போதும் அதுதான் என் இடம்.

"எழுதும்மா, தபால் எடுக்கிற நேரமாச்சு" என்றார் மாமா. பக்கத்திலேயே நின்றார். சோற்றுப் பருக்கை அவர் விரலில் தயாராக.

நான் எழுதியது: நலம். பாப்பா நலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அவர் அதையும் படித்துவிட்டு, "அச்சு மாதிரி கையெழுத்து" என்று சொல்லி ஒட்டினார்.

இடம் இல்லை என்று சொன்னால் பொய். "வாருங்கள்" என்ற ஒரு சொல்லுக்கு இடம் இருந்தது. எனக்கு மேலேயே "அனைவருக்கும் சம்மதம்." அதற்குக் கீழே எப்படி எழுதுவது? அந்த அனைவரில் நான் இல்லை என்று எந்த மடிப்பில் எழுதுவது?

8.9. ஞாயிறு

பாப்பாவுக்குக் காதுவலி. இராத்திரி முழுக்கத் தோளில். பூண்டு எண்ணெய். விடிந்ததும் தூங்கினாள், நான் இல்லை.

இதெல்லாம் அவருக்குத் தெரியாது. "பாப்பா நலம்" மட்டுமே தெரியும். இரண்டு வருடமாக அவர் கையில் இருப்பது என் கையெழுத்தில் இருபத்தைந்து முப்பது "நலம்".

பக்கத்து வீட்டு முனியம்மா குழாயடியில்: "இன்னா கமலா, உங்க வூட்டுக்காரரு ராட்டினம் சுத்தறாராமே? இன்னும் ரெண்டு வருசம் சுத்துவாராமே? சுத்தி சுத்தி தலை கிறுகிறுத்து வூட்டுக்கு வர வழியே மறந்துடப் போவுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ச.வை அக்டோபரில் பெண் பார்க்க வருகிறார்கள். "அண்ணன் சிங்கப்பூர்ல" என்று சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. தப்பில்லை. ச. நல்ல பெண். அவளுக்குக் கல்யாணம் ஆகவேண்டும். எனக்கு அவர் வரவேண்டும். இரண்டும் எப்படி ஒன்றுக்கொன்று எதிரியானது?

12.9. வியாழன்

மகாபலிபுரத்தில் டீச்சராக இருக்கும் என் காலேஜ் தோழி வனஜாவுக்குத் திங்கட்கிழமை வளைகாப்பு. கார்டு வந்தது. கேட்டுப் பார்த்தேன். அத்தை: "போய்ட்டு வா. விளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடணும். பாப்பாவை தண்ணிகிட்ட வுடாதே."

கார்டு வந்ததிலிருந்து ஒரே யோசனை. மா.புரத்திலும் தபாலாபீஸ் உண்டு. அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

யோசிக்கும்போதே வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொள்கிறேன். கட்டின புருஷனுக்குக் கடிதம் போட இவ்வளவு பயமா.

16.9. திங்கள்

முழு நாளையும் எழுதிவிடவேண்டும், மறப்பதற்குள்.

ஏழு மணி பஸ். திருக்கழுக்குன்றம் தாண்டி பாப்பா வாந்தி, என் புடவையில். வளைகாப்பு பதினோரு மணிக்கே முடிந்தது. கலவை சாதம் ஐந்து வகை. வனஜாவின் வயிற்றில் காது வைத்து பாப்பா, "உள்ள யாரு?"

சாப்பிட்டதும் வனஜாவிடம் சொன்னேன். எல்லாம் சொல்லவில்லை. "தனியா ஒரு லெட்டர் எழுதணும்டி." அவள் எதுவும் கேட்காமல் தன் மேஜையைக் காட்டினாள். தம்பியை அனுப்பி ஏரோகிராம் வாங்கிவரச் செய்தாள்.

முழுத் தாள். மூன்று பக்கமும் எனக்கு. முதலில் ஒன்றுமே வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. காதுவலி. பஸ்ஸில் வாந்தி. பாப்பா நீலத் தாளை அப்பா என்பது. "அனைவருக்கும் சம்மதம்" என்பதில் நான் இல்லை என்பது. கையெழுத்துப் போடாதீர்கள், வந்துவிடுங்கள், இங்கே எந்த ஒர்க்‌ஷாப்பானாலும் சரி. கடைசி வரி: "இது கைக்குக் கிடைக்கும்போது இன்னும் நேரம் இருக்கும்."

ஒட்டாமல் எடுத்துக்கொண்டேன். கல் யானைப் பக்கம் முக்காலி வைத்துப் படம் எடுக்கிறவர். அரை மணியில் கையில் தருவாராம். பாப்பாவை யானைமேல் சாய்த்து நிறுத்தினேன். கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர், "பாப்பா, இங்க பாரு, பொட்டிக்குள்ள குருவி கீது! அழுவாத, குருவி பறந்துடும்!" அவள் அழவில்லை. வாயைத் திறந்தபடி குருவிக்காகக் காத்திருக்கிறாள் படத்தில்.

சின்ன அட்டைப் படம். கடிதத்துக்குள் வைத்து ஒட்டினேன். அழுத்தி அழுத்தி, நாலு ஓரமும்.

தபால் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

எட்டு நாள், ஒன்பது நாள். 25ஆம் தேதி கையில் இருக்கும். அதற்கப்புறமும் பத்து நாள்.

விளக்கு வைப்பதற்குள் வந்துவிட்டேன்.

20.9. வெள்ளி

நல்ல வெயில். தலைக்குக் குளித்தேன். பாப்பாவுக்குக் காது சரி.

அத்தை: "இன்னாடி, வளைகாப்புக்குப் போய் வந்ததுலேர்ந்து மூஞ்சியில ஒரு களை?" ஒன்றுமில்லை அத்தை என்றேன். ச. ஒருமாதிரி பார்த்தாள்.

குற்ற உணர்ச்சி இருக்கிறது. சந்தோஷமும் இருக்கிறது. சந்தோஷம் கொஞ்சம் அதிகம்.

உப்பு, சீயக்காய், பாப்பாவுக்கு ரப்பர் செருப்பு (பழையது அறுந்தாயிற்று).

28.9. சனி

எழுத்து கோணலாக விழுகிறது.

மாமா ஏரோகிராம் வாங்கிவரச் சொன்னார். பாப்பாவோடு தபாலாபீஸ். எனக்கு முன்னால் ஒரு அம்மாள், மலேயாவில் இருக்கும் மகனுக்கு. கடிதத்துக்குள் திருநீற்றுப் பொட்டலம் வைத்து ஒட்டப் போனாள். கௌண்டர்காரர் கம்பிக்குள்ளிருந்து கத்தினார்.

"ஐயய்ய, இன்னாம்மா பண்ற? அதுக்குள்ள எதுவும் வெக்கக் கூடாது!"

"துன்னூறுதான் சாமி. கோயில்ல குடுத்தது."

"சாமியே வந்தாலும் கூடாது. தடவிப் பாப்பான். உள்ள எதுனா கீதுன்னா ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டான். கப்பல்ல போட்டுடுவான்."

என் முறை வந்ததும் வாங்கிய புதுத் தாளைத் திருப்பினேன். அச்சில் இருக்கிறது. ஆங்கிலத்தில், இந்தியில். உள்ளே எதையும் வைக்கக் கூடாது. இத்தனை மாதமாக அந்த எழுத்துக்குப் பக்கத்தில்தான் "நலம்" எழுதியிருக்கிறேன். பி.ஏ. படித்தவள். இந்த வீட்டில் இங்கிலீஷ் தபால் எது வந்தாலும் என்னைத்தான் படிக்கச் சொல்வார்கள். ஒட்டுவது எப்போதும் மாமா. மா.புரத்துக்கு முன் நான் ஒரு தடவைகூட ஒட்டியதில்லை. ஒட்டிய ஒரே தடவை, உள்ளே படம்.

"கப்பல்ல போனா எத்தனை நாள் ஆகுங்க?"

"மாசத்துக்கு மேல ஆவும்மா. ஒன்றரைகூட ஆவும். ஏன், நீ எதுனா வெச்சியா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

பாப்பா கௌண்டரைத் தட்டி, "அப்பா குடு, அப்பா குடு" என்றாள்.

இன்று எழுதிப் போட்டாலும் 6, 7 ஆகும். திறப்பு 5.

மா.புரத்து ஆள் தடவிப் பார்க்காமல் விட்டிருக்கலாம். அட்டை மெல்லியது. இல்லை, அவ்வளவு மெல்லியது இல்லை. விரலில் தெரியும்.

30.9. திங்கள்

தந்தி.

நேற்று முழுக்க அதே யோசனை. ஃபாரத்தில் என்ன எழுதுவது? "வாருங்கள்" என்று தந்தி போனால் வீட்டில் சாவு என்றுதான் நினைப்பார். பாப்பாவுக்கு என்னவோ என்று மயங்கி விழுவார். ஆகவே ஆங்கிலத்தில் மூன்று சொல், கையெழுத்துப் போட வேண்டாம் என்று. கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினேன்.

தந்தி கௌண்டரில் இருந்தவர் மாமாவிடம் வேலை பழகினவரின் மகன். எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது.

"அடடே, பெரியவரு மருமகதானே? வாங்கம்மா. பெரியவரு சௌக்கியமா? இன்னா, சிங்கப்பூருக்கா? எதுனா அவசரமா?" ஃபாரத்தை வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "இதை… பெரியவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பட்டுமா? தப்பா நினைச்சுக்காதீங்க. சாயங்காலம் அந்தப் பக்கமாதான் போறேன்."

"வேண்டாங்க. அட்ரஸ் சரியா தெரியல. நாளைக்கு வரேன்."

ஃபாரத்தைத் திருப்பி வாங்கினேன். வரும் வழியில் கிழித்து ரயில்வே கேட் பக்கம் போட்டேன். கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக்குப் போனவள் அல்லவா.

அவர் மாமாவிடம் சொல்வாரா? சாயங்காலம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

5.10. சனி

மூட்டம். மழை வரும் போல, வரவில்லை.

திறப்பு நாள். அத்தை கேசரி கிளறச் சொன்னாள். மாமா வாசலில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "நம்ம பட்டணத்துப் பொருட்காட்சி எல்லாம் இருபது நாள் கூத்து. இது வருஷம் முழுக்க. முழுக்க கரண்டு! ராட்டினத்தோட ஒவ்வொரு போல்ட்டும் நம்ம பையன் கைபட்டது."

ஒவ்வொரு போல்ட்டும். ஒன்று கழன்றாலும் அவர் தலையில்தான் விழும், எனக்கு அது வேறு பயம்.

அங்கே இரண்டு மணி நேரம் அதிகம். காலை பத்து: அங்கே பன்னிரண்டு. கூட்டம் வந்திருக்கும். மத்தியானம் ஒன்று: மூன்று. கையெழுத்து எப்போது? ஆபீஸ் மூடுவதற்குள் இருக்கும். மூன்று மணிக்கு பாப்பாவுக்குத் தலை வாரினேன். ரிப்பன் முடிந்தபோது, இந்த நிமிடம்தானோ என்று தோன்றியது. அவிழ்த்து மறுபடி முடிந்தேன்.

வானொலிச் செய்தியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. எதற்குச் சொல்வார்கள்.

கேசரியில் சர்க்கரை குறைவு என்றாள் ச.

14.10. திங்கள்

நேற்றிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் இரண்டு இடத்தில் ஒழுகல், ஒன்றில் குண்டான், ஒன்றில் பாப்பாவின் குளியல் சட்டி.

கடிதம் வந்தது. ஓரமெல்லாம் நனைந்து. மாமா படித்தார்.

திறப்பு ஜோராக நடந்தது. பலூன், பேண்டு வாத்தியம், ஆயிரக்கணக்கில் விளக்கு. முதல் சுற்று ஜனங்களுக்கு இல்லை, பூட்டியவர்களுக்கு. பூட்டியவனே ஏறி உட்காரவேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் ஜனங்கள் ஏறுவார்களாம். அவர் கூடை உச்சியில் ஒரு நிமிடம் நின்றது. கடல் தெரிந்தது. நம் ஊர்ப் பக்கம் எது என்று பார்த்தேன், மேகமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார்.

கீழே இறங்கியதும் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

மாமா நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனார்: "கமலா தனியாக ஏதாவது எழுதுவாள் என்று கடைசி நாள் வரை தபால் பையைப் பார்த்தேன். வரவில்லை. அவளுக்கும் சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் மனசு நிம்மதியாக இருக்கிறது."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தனியாவா? தனியா எழுத என்ன இருக்கு? வழக்கமா எழுதறியே, போதாதாமா அவனுக்கு?" அத்தை சிரித்தாள். ச. சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு அவளே அடுப்புக்குப் போனாள்.

பாப்பா நனைந்த கடிதத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். மை ஒட்டியிருக்கிறது.

மத்தியானமே பதில் எழுதியாயிற்று. மடிப்பில்: நலம். பாப்பா நலம்.

இன்னொன்று கப்பலில் போய்க்கொண்டிருக்கிறது. எந்தக் கடலில் என்று தெரியாது. நவம்பர் முதல் வாரத்தில் கிடைக்கலாம். நிம்மதியாக இருக்கிறேன் என்று எழுதியவர் கையில். படத்தில் பாப்பா வாயைத் திறந்தபடி. கீழே என் கையெழுத்தில், இன்னும் நேரம் இருக்கும் என்று. அதைப் படித்துவிட்டு அவர் இரண்டு வருடம் அந்த ராட்டினத்துக்கு எண்ணெய் போடவேண்டும்.

பதினைந்து நாளாக, அது சீக்கிரம் போய்ச் சேரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இன்றைக்கு விளக்கேற்றும்போது, அது போய்ச் சேரவே கூடாது என்று.

போட்ட கடிதத்தைத் திருப்பி வாங்க முடியுமா என்று நாளை தபாலாபீஸில் கேட்கவேண்டும். மழை விட்டால். யாரிடம் கேட்பது, யாருடைய கடிதம் என்று சொல்வது?