ஊறுகாய்ச் சந்தும் ஒரே மூச்சில் மூன்று வாசிப்பும்

அனுப்புநர்:
வெர்னா ஸ்ட்ரோபெல்,
மேட்டு வரிசை, மல்பெரி தெரு,
கோல்ட்டர்ஸ் ஃபெரி நகரம், ஓஹையோ.

பெறுநர்:
மேயர் திரு. கிளென் அக்கர்லி அவர்கள்,
நகர மன்றக் கட்டடம்,
கோல்ட்டர்ஸ் ஃபெரி.

பொருள்: மல்பெரி தெருவின் பின்புறமுள்ள பொதுச் சந்தினைக் கார் கழுவும் நிலையத்துக்கு விட்டுக்கொடுத்து மன்றம் நிறைவேற்றிய அவசரச் சட்டத்தை, மறுப்புக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற செவ்வாய்க்கிழமை மாலை நடந்த மன்றக் கூட்டம். நான் நேரில் இருந்தேன். தாங்களும் இருந்தீர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் திருமணமான நாள் முதல் வசித்து வருகிறேன். நகரப் பள்ளியின் உணவுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தங்கள் தட்டிலும் மசித்த உருளைக்கிழங்கு வைத்திருக்கிறேன், இன்னும் கொஞ்சம் என்று தாங்கள் நீட்டியபோதெல்லாம் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லிச் சலுகை கேட்க வரவில்லை. மனு எழுதுகிறவள் யாரென்று தெரியாமல் போய்விடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

2. என் கணவர் வால்ட்டுக்குச் சர்க்கரை நோயால் ஒரு கால் எடுக்கப்பட்டது. சிறுநீரகமும் கைவிட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனை வேன் வந்து அவரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு போய், டயாலிசிஸ் முடித்துக் கொண்டுவந்து விடுகிறது. எங்கள் வரிசை வீடுகள் மேட்டில் இருப்பதால் முன்வாசலிலிருந்து தெருவுக்குச் செங்குத்தான கல் படிகள்தான் உண்டு என்பது தாங்கள் அறிந்ததே. பின்வாசலில் தேவாலயத்து ஆட்கள் சேர்ந்து மரச் சாய்தளம் அடித்துக் கொடுத்தார்கள். அது இறங்குவது மேற்படி பொதுச் சந்தில், அதாவது ஊரார் சொல்லும் ஊறுகாய்ச் சந்தில். வேன் வருவதும் அந்தச் சந்து வழியாகத்தான், வேறு வழி கிடையாது. அந்த வேன் வராவிட்டால் என் கணவர் பிழைக்க மாட்டார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

3. கார் கழுவும் நிலையம் நடத்தும் ரிக் பார்லோ அந்தச் சந்தினைக் கேட்கிறார் என்று முடி திருத்தும் கடையில் காதில் விழுந்தது. உடனே கூட்டத்துக்குப் போனேன். நம் மன்றத்தில் எந்தச் சட்டமானாலும் மூன்று கூட்டங்களில் மூன்று முறை வாசிக்கப்பட வேண்டும் என்பது விதி. முதல் வாசிப்பில் ஊர் காதில் விழும், இரண்டாவதுக்குள் ஊர் பேசி முடிக்கும், மூன்றாவதில்தான் வாக்கெடுப்பு. ஆகவே அவசரமில்லை, இன்று கேட்டுக்கொண்டு வந்தால் போதும் என்ற நம்பிக்கையில்தான் போனேன்.

4. கூட்டத் தொடக்கத்தில் மன்றத் தலைவர் திரு. ஹெல்மிக், பொதுமக்களில் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார். சந்து விஷயம் நிகழ்ச்சி நிரலில் கடைசியில் இருந்தது. அது வரும்போது எழுந்து பேசுவதுதான் முறை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கோழி விஷயம் வந்தது. பின்கட்டில் கோழி வளர்க்கலாமா, எத்தனை வளர்க்கலாம், சேவலுக்கு அனுமதி உண்டா, கூடு அண்டை வீட்டு வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். குப்பை அள்ளும் ஒப்பந்தம் ஒரு கொட்டாவி நேரத்தில் புதுப்பிக்கப்பட்டது. வருமான வரி நீட்டிப்பை மக்கள் வாக்கெடுப்புக்கு விடுவது என்று முடிவானது. கடைசியில் எழுத்தர், இன்ன எண் மனைக்கும் இன்ன எண் மனைக்கும் இடையே உள்ள இன்ன அகல நிலம் என்று ஒரு தலைப்பை வாசித்தார். அறையில் ஒருவருக்கும் அது எந்த இடம் என்று புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. என் வீட்டு மனை எண் எனக்கு எப்படித் தெரியும்? தபால்காரருக்கே தெரியாது.

5. திரு. ஹெல்மிக், "நம்ம ரிக்கோட சமாச்சாரம்தானே, முடிச்சு விட்டுரலாம்" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. நான் கையைத் தூக்குவதற்குள் மூன்று வாசிப்பு விதியை நிறுத்திவைக்க ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், எல்லோரும் ஆம் என்றார்கள். எழுத்தர் அதே தலைப்பை மூச்சு விடாமல் இன்னும் இரண்டு முறை வாசித்தார். மறுபடி எல்லோரும் ஆம் என்றார்கள். நான் எழுந்து நின்றே விட்டேன். அதற்கு மன்றத் தலைவர், "உக்காருங்கம்மா வெர்னா. பேசுற நேரம் ஆரம்பத்துலயே முடிஞ்சு போச்சு. அடுத்த கூட்டத்துக்கு வாங்க, மூணு நிமிஷம் பூரா உங்களுக்குத்தான்" என்றார். சிலர் சிரித்தார்கள். தாங்கள் சிரிக்கவில்லை, அதையும் பதிவு செய்கிறேன். தாங்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

6. மேற்படி சட்டத்தில், "பொது அமைதி, உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றை உடனடியாகக் காக்கும் பொருட்டு" இது அவசரச் சட்டமாகிறது என்று ஒரு வரி சேர்க்கப்பட்டுள்ளது. இந்த வரி இருப்பதால் தங்கள் கையெழுத்து விழுந்த நிமிடமே அமலுக்கு வந்துவிடும். ஊர்க்காரர்கள் கையெழுத்துத் திரட்டி நிறுத்தவும் முடியாது. எந்த அமைதி குலைய இருந்தது என்று பணிவுடன் கேட்கிறேன். யாருடைய பாதுகாப்பு? காருக்குள் தூசி உறிஞ்சும் இயந்திரம் இரண்டு கூடுதலாக வைக்க ரிக்குக்கு இடம் போதவில்லை, அவ்வளவுதான் அவசரம். கோழிச் சட்டத்துக்கு அன்று முதல் வாசிப்பு மட்டுமே நடந்தது, இன்னும் இரண்டு கூட்டம் காத்திருக்கிறது. கோழிக்கு மூன்று கூட்டம் ஐயா. என் வீட்டுக்காரருக்கு ஒரு கூட்டம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை.

7. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் எங்கள் வட்ட உறுப்பினர் லாய்டு புருபேக்கரை அவர் வண்டிப் பக்கத்திலேயே மடக்கினேன். ஊறுகாய்ச் சந்தினைக் கொடுத்துவிட்டீர்களே, உங்களுக்கு மனசாட்சி இல்லையா என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "என்ன வெர்னா சொல்றீங்க, அது ஊறுகாய்ச் சந்தா? சத்தியமா எனக்குத் தெரியாது. வெறும் நம்பரைத்தானே படிச்சாங்க! நான் ஆத்தோரத்துல ஏதோ துண்டு நிலம்னு நெனச்சேன்" என்றார். பனிக்காலத்தில் அந்தச் சந்தில் பனி தள்ளுவது நகர வண்டி அல்ல, லாய்டுதான். சொந்த வண்டியின் முன்னால் தகடு மாட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே, வேன் வருவதற்கு முன் வந்து தள்ளிவிட்டுப் போவார். தான் பனி தள்ளி வழி செய்து தரும் சந்தினைத் தானே கை தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது, இப்போது இல்லை. சந்துக்குப் பெயர் தந்த ஊறுகாய்த் தொழிற்சாலை இடிந்து எத்தனையோ காலமானாலும் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்தச் சந்தின் பெயர் தெரியும். சட்டத்தில் அந்தப் பெயர் ஓரிடத்திலாவது இருந்திருந்தால் லாய்டு கை தூக்கியிருக்க மாட்டார்.

8. மறுநாள் ரிக்கையும் போய்ப் பார்த்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "வேலிதான் போடுறேன், கோட்டைச் சுவரா கட்டுறேன்? உங்களுக்குன்னு ஒரு கதவு வெச்சுடுறேன். வேன் வந்தா ஹார்ன் அடிக்கச் சொல்லுங்க, கடையில யாராச்சும் வந்து திறப்பாங்க" என்றார். வேன் வருவது கடை திறப்பதற்கு முன் என்றேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். வேனை அனுப்பும் நிறுவனத்தைக் கேட்டதில், தனியார் நிலத்துக்குள் ஓட்டுநர் வர மாட்டார், காப்பீடு இல்லை, பொதுவழி என்றால் மட்டுமே வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். ரிக் நாளைக்குக் கடையை விற்றுவிட்டால் அந்தக் கதவும் அதோடு போகும். இத்தனை நாள் உரிமையோடு நடந்த வழியில் இனி ஒருவர் தயவில் நடக்க வேண்டும் என்றால் அது எனக்குச் சம்மதமில்லை.

9. நிலம் தனியார் கைக்குப் போனால் சொத்து வரி வரும், பராமரிப்புச் செலவு மிச்சம் என்று மன்றத்தில் சொன்னார்கள். பராமரிப்பது லாய்டு என்பதை மேலே சொல்லிவிட்டேன். வரும் வரி, கூட்டத்தில் வைக்கும் டோனட்டுக்குக் காணாது.

10. செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பின் ஜன்னலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், மறுபடி போகிறேன். வேலிக் கம்பங்கள் வந்து இறங்கிவிட்டன, ஜன்னலிலிருந்து தெரிகின்றன. "உக்காரு வெர்னா, தரை தேஞ்சு போகுது" என்கிறார் வால்ட். முன்படி வழியாக இறக்க ஏதாவது செய்ய முடியுமா என்று நான் யோசித்தபோது, "என்னைத் தூக்கிட்டு அந்தப் படி இறங்கணும்னா ஆறு பேர் வேணும்டி. சவப்பெட்டி தூக்க அந்த ஆறு பேர் வர்ற நாள் இன்னும் வரல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இதை மனுவில் எழுதாதே என்றும் சொன்னார். எழுதிவிட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

11. மன்றம் நிறைவேற்றிய சட்டத்தைப் பத்து நாளுக்குள் மறுத்துத் திருப்பி அனுப்பும் அதிகாரம் தங்களுக்கு உண்டு. ஆம் என்று வாக்களித்த உறுப்பினர் ஒருவர் கேட்டால் மன்றம் அதை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், கேட்க லாய்டு தயாராக இருக்கிறார். ஆனால் அடுத்த கூட்டம் கூடுவதற்குள் தங்கள் பத்து நாள் முடிந்துவிடும். தாங்கள் கையெழுத்துப் போடாமல் சும்மா இருந்தாலும் அது தானாகவே சட்டமாகிவிடும் என்று எழுத்தர் சொன்னார். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் சும்மா இருப்பது நடுநிலை ஆகாது ஐயா.

12. சென்ற ஆண்டு தேர்தலுக்கு முன் தாங்கள் எங்கள் வீட்டுக்கு வாக்குக் கேட்டு வந்தது நினைவிருக்கலாம். மழை பெய்து முன்படி வழுக்கிக்கொண்டிருந்தது. தாங்கள் சந்து வழியாகச் சுற்றி, சாய்தளத்தில் ஏறிப் பின்வாசலைத் தட்டினீர்கள். சமையலறையில் உட்கார்ந்து ஆப்பிள் பை சாப்பிட்டீர்கள். "பரவாயில்லையே வால்ட், இந்த வழி ரொம்ப வசதி. முன்னாடி ஏறியிருந்தா என் முட்டி செத்துச்சு" என்றீர்கள். எப்போ வேணாலும் இப்படியே வாங்க என்றார் அவர். நாங்கள் இருவரும் தங்களுக்குத்தான் வாக்களித்தோம்.

13. இந்த இடம் வரை சமையலறை மேசையில் எழுதினேன். இனி எழுதுவது வெளியில். குழி தோண்டும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி சந்துக்குள் வந்து நிற்கிறது. மேயர் கையெழுத்துப் போட்டாகிவிட்டதா என்று ஓட்டுநரைக் கேட்டேன். "அதெல்லாம் இன்னைக்கு ஆயிடும்னு பார்லோ சொன்னாரும்மா" என்கிறார். ஆகவே வால்ட்டுக்குக் கோட்டு மாட்டி, மடியில் போர்வை போட்டு, நாற்காலியைச் சாய்தளத்தில் இறக்கிச் சந்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். பக்கத்தில் நானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் என்னால் உட்கார முடிகிறது. லாரி ஓட்டுநருக்கும் காப்பி கொடுத்திருக்கிறோம். நான் இங்கிருந்து அசைய முடியாததால் இம்மனுவை லாய்டிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

ஆகவே ஐயா அவர்கள் மேற்படி சட்டத்தில் மறுப்பு எழுதி மன்றத்துக்கே திருப்பி அனுப்பி, கோழிக்குக் கொடுத்த மூன்று கூட்டங்களை எங்களுக்கும் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பார்க்கலாம். வழி தங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வெர்னா ஸ்ட்ரோபெல்
வால்ட் ஸ்ட்ரோபெல் (முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது, ஆறு பேர் வரியை எடுக்கச் சொல்லியும் எடுக்காததற்கு ஆட்சேபணையுடன்)

நாள்: நவம்பர் 9, வெள்ளிக்கிழமை, காலை.
இடம்: ஊறுகாய்ச் சந்து, பொதுவழி.