கடல் திருப்பித் தராதவர்களின் கல்

என் தேவகிக்கு, நேரில் ஒருநாளும் சொல்லத் தெரியாத பாசத்தோடு எழுதுவது.

நீ போய் நாற்பத்தெட்டு நாள் ஆகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்தாய், நெஞ்சை அடைக்கிறது என்றாய். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்போது நீ இல்லை. அந்த அடியிலிருந்தே நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. அதற்குள் இன்னொன்று விழுந்திருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? அதைக் கொடுத்ததே நீதானே.

போன செவ்வாய்க்கிழமை காலை உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மீனவக் குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். நாற்பது வயதிருக்கும். பேர் அஞ்சலை என்றாள். அவள் மகள் ஆறாவதிலிருந்து உன்னிடம் இங்கிலீஷ் படித்தவளாம். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தாள்.

"அண்ணே, இதுல ஒரு கையெழுத்து போடணும். கடல் உள்ள வந்துக்கிட்டே இருக்குது. கல்ல அங்கேர்ந்து எடுத்து மேட்டுப்பக்கம் நடப் போறோம். கல்லுல பேர் இருக்கிற ஒவ்வொரு வூட்லேர்ந்தும் ஒருத்தர் சம்மதம் தரணும்னு ஊர்ல பேசி வச்சிருக்குது. டீச்சர் இருந்திருந்தா அவங்களே போட்டிருப்பாங்க."

"எந்தக் கல்லும்மா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். "டீச்சர் வச்ச கல்லுண்ணே. கடலுக்குப் போய் திரும்பாதவங்களுக்கு."

"எங்க வூட்ல யாரும் கடலுக்குப் போறதில்லையே. யார் பேரு இருக்குது?"

"உங்க பொண்ணு பேருண்ணே. இளவரசி."

நம் வீட்டுக்குள் அந்தப் பேரை யாரும் சொல்லி இருபது வருஷம் ஆகிறது, தேவகி. யாரோ ஒரு பெண் அதை வாசலில் நின்று, பால் பாக்கெட் கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். நான் செருப்பைப் போட்டபடியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை எழுதிவிடுகிறேன், இதுவரை நான் அதைச் சொன்னதே இல்லை என்பதால். அன்று ஞாயிற்றுக்கிழமை. குப்பத்தில் இருக்கும் பள்ளித் தோழி வீட்டுக்குப் போகணும் என்று ஆறு வயசுப் பிள்ளை அடம்பிடித்தது. நீ வேண்டாம் என்றாய். "போய்ட்டு வரட்டும் விடு" என்றேன் நான். சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்க் குப்பத்து முனையில் இறக்கிவிட்டு, மழையில் உடைந்த பாத்தி வரப்பைப் பார்க்கப் போனேன். ஒரு மணிநேரத்துக்குள் கடல் ஊருக்குள் வந்தது. பிறகுதான் அதற்குச் சுனாமி என்று பேர் இருப்பதே நமக்குத் தெரிந்தது. மேட்டு வரப்பில் நின்றதால் நான் பிழைத்தேன். பிள்ளை கிடைக்கவே இல்லை.

நீ ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. ஏன் அனுப்பினாய் என்று ஒரு வார்த்தை இல்லை. மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறாய் என்றுதான் இத்தனை வருஷமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் விடிந்தால் உப்பளத்துக்கு ஓடினேன். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை அஞ்சலையோடு அந்தப் பக்கம் போனேன். சவுக்குத் தோப்பைத் தாண்டி, படகுகள் இழுத்துவைத்திருக்கிற இடத்துக்கு வடக்கே அந்தக் கல் இருக்கிறது. என் இடுப்பு உயரம்கூட இல்லை. அலை அதற்குப் பத்தடிக்குள் வந்துவிட்டது. பதினேழு பேர்கள் செதுக்கியிருக்கிறது. மேலிருந்து நாலாவது நம் பிள்ளை. பேர்களுக்கு மேலே மூன்று வரி:

இங்கே யாரும் இல்லை.
கடலிடம் இருக்கிறார்கள்.
பேரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

"இத யாரும்மா எழுதுனது?" என்று கேட்டேன்.

"டீச்சர்தான். கிரேக்க தேசத்துல இந்த மாதிரி கல்லு வைப்பாங்களாமே. உங்களுக்குச் சொல்லலியா?"

சொல்லியிருக்கிறாய். நான்தான் கேட்கவில்லை. தபாலில் எம்.ஏ. படித்தபோது பழைய கிரேக்க, ரோமானிய இலக்கியம் ஒரு தாள் இருந்தது. பரீட்சை முடிந்தும் நீ அந்தத் தடிப் புத்தகத்தை விடவில்லை. பக்கத்து ஊரான பிரம்மதேசத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ்ஸிலும் அதுதான், அடுப்பில் சோறு வேகும்போதும் அதுதான். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்ன செத்தவன் எழுதுனத வச்சிக்கிட்டு மரக்காணத்துல என்னா பண்ணப் போற? நம்மகிட்ட இல்லாத கதையா?" என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன். நீ சிரித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புவாய். நான் கிண்டல் செய்த நாட்களில் நீ எந்தப் பக்கத்தில் இருந்தாய், தேவகி?

அஞ்சலை அங்கேயே ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் போன படகு கவிழ்ந்திருக்கிறது. போனவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவள் புருஷன் மட்டும் வரவில்லை, உடம்பும் ஒதுங்கவில்லை. உடம்பு இல்லாமல் எப்படிக் காரியம் செய்வது என்று ஊரில் பேச்சு. அவன் எங்கேயோ கரையேறி இருப்பான், தாலியைக் கழற்றாதே என்கிறாள் மாமியார். எத்தனை நாளைக்கு இப்படி, கழற்றிவிடு என்கிறான் அண்ணன். பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறாள். மகளும் பள்ளிக்கூடம் போகவில்லை. மகளைத் தேடிக்கொண்டு நீ போயிருக்கிறாய்.

"வந்தவங்கல்லாம் அவரப் பத்தியே பேசுனாங்கண்ணே. பேச ஆரம்பிச்சா எழுந்து உள்ள போய்டுவேன். டீச்சர் அவரப் பத்தி ஒண்ணும் பேசல. கிரேக்கத்துக்காரங்களப் பத்திப் பேசுனாங்க. அங்கயும் கப்பல் வச்சிக்கிட்டுப் பொழைச்சவங்களாம். நெறைய பேர் கடல்லயே போய்டுவாங்களாம். பொணம் கெடைக்காதாம். அதனால வெறும் குழி தோண்டி, மேல கல்லு வச்சி, ரெண்டு வரி பாட்டு எழுதுவாங்களாம். அந்தக் கல்லே பேசற மாதிரி எழுதுவாங்களாம், வழியில போறவங்ககிட்ட. யாரோ வேத்து தேசத்துக் கதைன்னுதான் ஒக்காந்து கேட்டேன். பாதி கேக்கும்போதே அது என் வூட்டுக் கதைன்னு தெரிஞ்சி போச்சி. அப்ப எழுந்திரிக்க முடியல."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் எழுந்திருக்க முடியவில்லை.

நம்மகிட்ட இல்லாத கதையா என்று நான் கேட்ட கேள்விக்குப் பதில் எட்டு வருஷமாகக் குப்பத்தில் நின்றுகொண்டிருக்கிறது. நம் கதை நமக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது, தொட்டால் சுடுகிறது. அவர்கள் கதை தூரத்தில் இருப்பதால் பக்கத்தில் போய் உட்கார முடிகிறது. உட்கார்ந்த பிறகுதான் யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிகிறது. இதை நான் உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

யவனர்கள் இந்தக் கரைக்கெல்லாம் கப்பலில் வந்தவர்கள்தானே என்று நீ அவளிடம் சொன்னாயாம். அவர்களில் எவனாவது ஒருத்தன் நம் கடலிலேயே முழுகியிருப்பான், அவன் பெண்டாட்டி அங்கே ஒரு வெறும் குழிக்குக் கல் வைத்திருப்பாள் என்றாயாம். அன்றைக்குத்தான் அஞ்சலை எட்டு மாதம் கழித்து வாய்விட்டு அழுதிருக்கிறாள். முகம் தெரியாத அந்த யவனன் பெண்டாட்டிக்காக முதலில் அழுதேன், பிறகுதான் எனக்காக அழுதேன் என்கிறாள். அதற்குப் பிறகுதான் உடம்பு கிடைக்காதவர்கள் பேரையெல்லாம் கேட்டுச் சேர்த்து நீ அந்தக் கல்லை வைத்தாயாம்.

கிளம்பும்போது அவளிடம் கேட்டேன். கேட்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "டீச்சர் எங்க பொண்ணப் பத்தி என்னாம்மா சொன்னாங்க? அவளக் கடலுக்கு அனுப்புனது யாருன்னு சொன்னாங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"எனக்கும் அப்படி ஒண்ணு இருக்குதுண்ணே. அன்னிக்குக் காத்து சரியில்ல, போவலன்னுதான் அவரு சொன்னாரு. வூட்ல ஒண்ணுமில்ல, போய்ட்டு வான்னு அனுப்புனது நான்தான். இத டீச்சர்கிட்டதான் மொதல்ல சொன்னேன். அதுக்கு அவங்க சொன்னாங்க, அந்தக் கல்லுப் பாட்டெல்லாம் எத்தனையோ படிச்சிருக்கேன் அஞ்சலை, கடல திட்டியிருக்கான், காத்த திட்டியிருக்கான், கப்பல் உட்ற மாசத்த திட்டியிருக்கான், கரையில நின்னு அனுப்பி வச்சவங்கள திட்டுன பாட்டு ஒண்ணக்கூட நான் பாக்கல. இத எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லணும், எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலன்னாங்க."

தேவகி, எட்டு வருஷம். ஒரே வீட்டில், ஒரே தட்டில் மீன் முள்ளை எடுத்துப் போட்டுக்கொண்டு எட்டு வருஷம் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இருந்தாயா? நான் எழுந்து போய்விடுவேன் என்று பயந்தாயா? போயிருப்பேன். ஆனாலும் நீ ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்து உன் புத்தகத்தை எடுத்தேன். பிளஸ் டூ இங்கிலீஷ்தான் எனக்கு, டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம் போகிறது. மகளைப் பறிகொடுத்த ஒரு ரோமாபுரிக்காரர் எழுதிய கடிதங்களில் நிற்கிறேன். பேச்சாலேயே பேர் வாங்கிய பெரிய மனிதராம். மகள் போனபிறகு ஆள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் காட்டுக்குள் போய்ச் சாயந்திரம்வரை இருந்திருக்கிறார். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். உப்புப் பாத்தி நடுவில் நான் நின்ற பகல்களை எவனோ பார்த்து எழுதியதுபோல் இருந்தது. நாட்டை ஆண்டவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் அவன், நான் மரக்காணத்து உப்புக்காரன். ஆள் முகத்தில் விழிக்க எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வெட்கம்.

அந்தத் தேசத்தில் அடிமைகள் இருந்தார்கள் என்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் கல் வைத்தார்கள்? இதற்கெல்லாம் நீ பதில் வைத்திருப்பாய். இப்போது யாரைக் கேட்பது?

சேதி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பாத்தியில் உப்பு வாருகிறார்கள், இந்த வருஷம் நல்ல வெள்ளை. உன் வகுப்புக்குக் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு புது டீச்சர் வருகிறார். அஞ்சலை மகள் புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறாள். எந்தப் பாடம் என்று கேட்டேன், இங்கிலீஷாம்.

அஞ்சலை கொண்டுவந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அப்பா என்று எழுத எனக்கு ரொம்ப நேரம் ஆனது. அவள் அவசரப்படுத்தவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கல்லை மேட்டில் நடுகிறார்கள். நான் போகிறேன். கல் நின்றதும் பதினேழு பேரையும் சத்தமாகச் சொல்லப் போகிறேன். நாலாவது பேரைச் சொல்லும்போது, அன்றைக்கு அவளை அனுப்பியது நான்தான் என்பதையும் அந்தச் சனங்கள் முன்னால் சொல்லிவிடுவேன். உன் புத்தகத்தை ஒன்றரைப் பக்கம் ஒன்றரைப் பக்கமாகவாவது கடைசிவரை படித்துவிடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் புருஷன்,
இளவரசியின் அப்பா
ஆறுமுகம்