ஹாலில் மாட்டிய சாக்ரடீஸ்

ஜொவிட்டா,

அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மீன் குழம்பைச் சூடுபண்ணிச் சாப்பிடு.

நீ கழற்றி வைத்த சாக்ரடீஸ் படத்தை ஹாலில் திரும்ப மாட்டிவிட்டேன். அந்த விஷக் கோப்பையைப் பார்க்க முடியவில்லை என்று நேற்று நீ அழுதபோது நான் கத்தியிருக்கக் கூடாது. அப்பாவை நாளை வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லையாம். காலேஜில் முப்பது வருஷம் இந்தச் சாக்ரடீஸைத்தானே பாடம் நடத்தினார், படுத்தபடி பார்க்கட்டும்.

சாயங்காலம் ஜெபமாலைக்கு வரும் பிலோமினா ஆன்ட்டி, வழக்கம்போல இது நல்ல மரணத்துக்கு வேண்டிக்கொள்ளும் சூசையப்பர் என்று நினைத்து மெழுகுவர்த்தி ஏற்றினால் திருத்தாதே.

அம்மா

பி.கு.: “யாரோ தாடிக்காரன எதுக்கு மாட்டி வெச்சிருக்கீங்க?” என்று அப்பாவோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன்! இன்று காலை அந்தத் தாடிக்காரர் முன்னால் முழங்கால் போட்டேன். அப்பாவை வலி இல்லாமல் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டேன்.